மல்லனோடு பழகிய கை

பால் சேகரிக்கும் நிலையத்தில் என் வேலை காலை பத்து மணிக்கு முன்னரே முடிந்துவிடும். ஸ்கந்தபுரத்தில் விடிவதற்கு முன் கதவைத் திறந்து, வருகிறவர்களின் பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, பவுசர் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனபின் நிலத்தைக் கழுவினால் அன்றைய பாடு சரி. பின்னேரம் முழுவதும் என்னுடையது. அந்தப் பின்னேரங்களைச் சில வருடங்களாகக் கிளிநொச்சி நகரத்தில், ஒரு போன் திருத்தும் கடையின் பின்னறையில், சண்டை விளையாட்டு விளையாடிக் கழித்தேன்.

திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிபடுவதுதான் விளையாட்டு. ஆளுக்கொரு கொன்ட்ரோலர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பொத்தான்களைக் கண்டபாட்டுக்கு அமத்துவது போலத் தெரியும். விளையாடுகிறவனுக்கோ அது முழுவதும் மற்றவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று கணிக்கிற வேலை. யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்ட விளையாட்டு மெஷின் ஒன்றைக் கடைக்கார அண்ணை பின்னறையில் ஒரு திரையோடு பூட்டி வைத்திருந்தார். ஏழெட்டுப் பேர் தவறாமல் வருவோம். மின்விசிறி இல்லாத அறை. மேலே தகரம். பின்னேரம் மூன்று மணிக்குக் கையிலிருந்து கொன்ட்ரோலர் வழுக்கும்.

அந்த ஏழெட்டுப் பேரில் எனக்குச் சரிசமமாக நின்றவன் ஒருவன்தான். ஓட்டோ ஓடுகிறவன், என் வயது. தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். எங்களோடு எங்கள் பேச்சுப் பேசுவான். தாய் போன் எடுத்தால் அவர்களுடைய பேச்சு வரும். விளையாட்டில் அவனுடைய ஆள் ஒரு பெரிய மல்லன், கிட்ட வந்து பிடித்துத் தூக்கி அடிக்கிறவன். என்னுடையது ஈட்டி ஏந்திய பெண், எட்ட நின்று குத்துகிறவள். விழுந்து எழும்பியவுடன் அவன் பிடிக்கக் கை நீட்டுவான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நான் பின்னால் பாய்ந்து ஈட்டியை இறக்குவேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சில வேளை கை நீட்டாமல் ஓடி வந்து, நான் தரையில் கால் வைக்கும்போது பிடிப்பான். ஒரு நாள் அவன், மறுநாள் நான். மற்றவர்கள் எங்கள் இருவரையும் வெல்வது அபூர்வம். கிளிநொச்சியில் எங்களுக்கு மேல் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரப் போட்டி என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினோம். ஒரு திருமண மண்டபத்தின் மேல்மாடியில் வரிசையாகத் திரைகள் வைத்திருந்தார்கள். எனக்கு எதிரே அமர்ந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்ட மெலிந்த பெடியன். ஒரு சுற்றுக்கூட எனக்குத் தரவில்லை. அவன் விழுந்து எழும்பும்போதெல்லாம் என் பெருவிரல் தானாகவே பின்னுக்குப் போனது. அவன் கை நீட்டவே இல்லை. சும்மா நின்று, நான் பாயும்வரை பார்த்து, ஆகாயத்தில் வைத்தே அடித்தான். முடிந்ததும் மரியாதையாகக் கை தந்தான்.

“குறை நினையாதேங்கோ அண்ணா,” என்றான். “நீங்கள் என்னோட விளையாடேல்லை. வேற ஆரோடயோ விளையாடினீங்கள்.”

என் நண்பனும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனான். திரும்பி வரும் பஸ்ஸில் ஆனையிறவு தாண்டும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தோம். பிறகு பெடியன் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அது நான்தான் மச்சான்,” என்றான். “நீ என்னோடதான் விளையாடியிருக்கிறாய்.”

அவனுக்கு அது அந்தச் சிரிப்போடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. இத்தனை வருடங்களாக நான் கற்றுக்கொண்டது இந்த விளையாட்டையல்ல, இந்த ஒருவனை மட்டும்தான் என்பது, பால் அளக்கும்போதும் சோறு தின்னும்போதும் வந்து வந்து நின்றது.

வவுனியாவில் அக்காவின் வீட்டில் சும்மா கிடந்த பழைய மெஷினை வாங்கிவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் டீவியோடு பூட்டினேன். பயிற்சிக்கென்று அதன் திரையில் ஒரு பொம்மை ஆள் உண்டு. விழுந்து எழும்பும்போது பிடிக்கவோ, அடிக்கவோ, சும்மா நிற்கவோ அதைப் பழக்கிவிடலாம். மூன்றில் எதைச் செய்யும் என்று முன்கூட்டித் தெரியாது. நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: பாயாமல் தரையில் நின்று பார்ப்பது. சொல்வதற்கு இலேசு. பெருவிரல் கேட்கவில்லை. நான் பார்த்து முடிப்பதற்குள் அது பின்னுக்குப் போயிருக்கும். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “முப்பது வயது தாண்டியும் பொம்மையோட சண்டை பிடிக்கிறாய்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

கடைக்குப் போனால் எல்லோரிடமும் தோற்றேன். பழைய பாய்ச்சலைக் கைவிட்டிருந்தேன். புதிதாக ஒன்றும் கைக்கு வரவில்லை. பெரிய பின்னடைவு அது, மாதக்கணக்கில் நீண்டது. என்னை ஒரு தடவையும் வென்றிராதவர்கள் வென்றார்கள், முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு சத்தம் போடுவதையும் விட்டுவிட்டார்கள்.

“தம்பி, உமக்குக் கையில ஏதும் வருத்தமோ?” என்று கடைக்கார அண்ணை கேட்டார்.

நண்பன்தான் அதிகம் எரிச்சல்பட்டான். “பழைய மாதிரி விளையாடடா. உன்னை இப்பிடி வெல்லுறதில ஒரு சுகமும் இல்லை,” என்றான்.

“கொஞ்ச நாள் பொறு மச்சான். நீயும் மாத்திப் பார்.”

“எனக்கெங்க நேரம்? நான் இஞ்ச வாறதே ஓட்டோவுக்கு ஹயர் இல்லாத நேரத்திலதான்.”

மாரி தொடங்கிய ஒரு நாளில் அது நடந்தது. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் திரையின் ஒலி கேட்கவில்லை. அவனுடைய மல்லன் விழுந்தான், எழும்பினான். என் பெருவிரல் அசையவில்லை. நான் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்தேன்: அவன் தோள் அசைவது, கை நீளத் தொடங்குவது. ஓரடி மட்டும் பின்வைத்துக் குத்தினேன். அடுத்த தடவை ஓடி வந்தான், முழங்காலில் குத்தினேன். அன்றைக்கு ஒரு ஆட்டமும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் கிடைக்கவில்லை. வெல்ல வெல்ல எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை, மறைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. அவன் தொடக்கத்தில் சிரித்தான். பிறகு தன் கொன்ட்ரோலரின் பொத்தானில் பிழை என்றான். மாற்றிக் கொடுத்தேன். அதிலும் தோற்றான்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் வராமல் விட்டான். ஹயர் இருக்கிறது என்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பான். நான் ஒரு நாள் சந்தியில் அவன் ஓட்டோ நிற்குமிடத்துக்கே போனேன். ஓட்டோவின் பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

“வாவன், ஒரு ஆட்டம்,” என்றேன்.

எழும்பி உட்கார்ந்தான். “நாள் முழுக்க ஆரோடயாவது தோத்துக்கொண்டுதான் இருக்கிறன் மச்சான். அங்க மட்டுந்தான் பாதிக்குப் பாதியெண்டாலும் வெண்டன்,” என்றான். பிறகு அவனுடைய வீட்டுப் பேச்சு வந்தது. “விடுப்பா. நீ நல்லா வந்திருக்க. அது போதும்.”

அவன் இல்லாத பின்னறை நீண்ட நாள் நிற்கவில்லை. மற்றவர்கள் எங்கள் இருவரையும் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒருவன் கட்டாருக்குப் போனான், ஒருவன் கொழும்பில் வேலை எடுத்தான். மிச்சம் இருந்தவர்கள் என்னோடு இரண்டு ஆட்டம் தோற்றுவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணை ஒரு நாள் திரையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போன் கவர்கள் தொங்கவிட ஒரு தட்டி அடித்தார். “கோவிக்காதையும் தம்பி, இடம் காணாது,” என்றார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

அதே யாழ்ப்பாணப் போட்டிக்கு இந்த முறை தனியாகப் போனேன். இரண்டு ஆட்டம் வென்றேன். மூன்றாவதில் அதே கண்ணாடிப் பெடியன். ஒரு சுற்று எடுத்தேன், மற்ற இரண்டும் அவனுக்கு. முடிந்ததும் அவன் தேநீர் வாங்கித் தந்தான்.

“நல்லா மாறியிருக்கிறீங்கள் அண்ணா. ஆனா இதோடயே நிண்டிடுவீங்கள். நாங்கள் இஞ்ச பத்துப் பதினைஞ்சு பேர், எல்லாரும் வேற வேற மாதிரி. கிழமைக்கொருக்கா எண்டாலும் வாங்கோ.”

ஓம் என்றேன். கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர்கள் கூடுவது ஞாயிறு காலையில். என்னை விட்டால் நிலையத்தைத் திறக்க வேறு ஆளில்லை. இணையத்தில் விளையாடலாம் என்றான். ஸ்கந்தபுரத்தில் நான் பொத்தானை அமத்தி, அது போய்ச் சேருவதற்குள் என் ஆள் விழுந்துகிடப்பாள். சில கிழமைகள் முயன்று பார்த்துவிட்டு விட்டேன்.

போன சித்திரையில் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தான். அம்மா பலகாரம் வைத்தார். விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். மல்லன் விழுந்தான், எழும்பினான். கை நீளத் தொடங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பின்னால் பாய்ந்தேன். அவன் ஓடி வந்து பிடித்தான். இன்னொரு தடவையும் அப்படியே செய்தேன். அவன் மீண்டும் விளையாட வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

சுற்றை அவன்தான் வென்றான். ஆனால் அடுத்த சுற்றுத் தொடங்கியும் அவனுடைய மல்லன் அசையவில்லை.

“நீ விட்டுத் தாறாய்,” என்றான், திரையைப் பார்த்தபடியே.

“இல்லை மச்சான்.”

“உன்ர பாய்ச்சல் எனக்குத் தெரியாதோ? இது அதில்லை.”

கொன்ட்ரோலரைக் கதிரைக் கையில் வைத்தான். அம்மாவிடம் பலகாரம் நல்லாயிருந்தது என்று சொன்னான், தன் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கட்டித் தரக் கேட்டான். ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனான். இப்போதும் நகரத்தில் கண்டால் ஹோர்ன் அடிப்பான், கை காட்டுவான். விளையாட்டைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பால் வேலை முடிந்து வந்து சில நாட்களில் இன்னும் மெஷினைப் போடுகிறேன். பொம்மை எழும்புகிறது. சில தடவை பார்த்துக் குத்துகிறேன், சில தடவை பெருவிரல் பின்னுக்குப் போய்விடுகிறது. நான் முன்னுக்கு வந்திருக்கிறேனா, பின்னுக்குப் போகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்க எதிரே ஒருவரும் இல்லை.