கிளட்சில் என் கால் இல்லை

நான் கோர்ட்டுக்குப் போனது ஒரு சாவிக்காக. மனுவில் அப்படி எழுத முடியாது. புருஷன் கார் சாவியைப் பிடுங்கி வைத்திருக்கிறார், வாங்கித் தாருங்கள் என்று எழுதிக் கொண்டுபோனால் வாசலிலேயே சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கிளட்ச் மாற்றியதில் சேவைக் குறைபாடு என்று எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டில் கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. வாய் என்னிடமே இருந்தது.

கார் என்னுடையது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை மடித்து, பாக்கெட் போட்டு, வெளியூருக்கு அனுப்பும் ஷெட் ஒன்று நடத்துகிறேன். பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சத்திரப்பட்டி தறிகளிலிருந்து துணிக்கட்டு எடுத்துவர ஒரு பழைய காரை வாங்கினேன். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேதான் கட்டுகளை அடுக்குவேன். ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆட்டை இடித்ததில்லை, ஆளை இடித்ததில்லை. என் கேட்டைத்தான் ஒருமுறை இடித்தேன். கேட் என்னுடையது, யாரும் கேட்க வரவேண்டியதில்லை.

வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பதினேழு வருஷம் பனிமலையில் ஓட்டினேன் என்பார். அந்தப் பனி இன்னும் அவரிடமிருந்து இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், நான் கியரை மாற்றுவதற்குள் அவர் வாய் மாற்றிவிடும். "ரெண்டு போடு. மூணு போடு. ஏட்டி, ஹாரன் அடி." மாடு கூட இல்லாத ரோட்டில் யாருக்கு ஹாரன் அடிப்பது?

ஒருநாள் துணிக்கட்டோடு மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் வீட்டுக்காரரின் சிநேகிதன். அவரை அண்ணன் என்பான், என்னை மதினி என்பான். கிளட்ச் போய்விட்டது, புது செட் போட வேண்டும் என்றான். போடு என்றேன்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புதுச் சாமானை மாட்டினாலும் அதன் மேல் ஒரு பொட்டு வைத்துத்தான் மாட்டுவான். குங்குமம் கிடையாது, சிவப்பு பெயிண்ட். "குங்குமம் ஆயில்ல அழிஞ்சிரும் மதினி. நான் வைக்கிற பொட்டு, வண்டி இரும்புக்குப் போனாலும் போகாது" என்பான். தன் ஷெட்டுக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்வான். பேட்டரியைத் திறந்து காட்டுவான், ரேடியேட்டரைத் தடவிக் காட்டுவான். அய்யனார் பார்த்துக்கொண்டிருக்கிறார், பொட்டு வைத்த சாமானில் பொய் இருக்காது என்பான். ஊரில் பாதிப் பேர் அந்தப் பொட்டுக்காகவே அவனிடம் போனார்கள். நானும்தான்.

சாயங்காலம் போனேன். "புது செட்டு போட்டாச்சு மதினி, இனிமே ரெண்டு வருசத்துக்குக் கிளட்ச் பேச்சே கிடையாது" என்றான். பழையதைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அவன் மகளுக்கு அய்யனார் கோவிலில் காதுகுத்து. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். எங்களுக்கு வேதக்கோயில் ஏசு, அவனுக்கு அய்யனார். கறிச்சோறு என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் இரண்டும் ஒரே பந்தியில்தான் உட்காரும். என் காரில்தான் போனோம், நான்தான் ஓட்டினேன். அங்கே போனதும் வந்த வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தான். என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "செத்த பிடிங்க மதினி" என்று என் வண்டியின் முன்பக்கத்தில் வட்டமாக இழுத்தான். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரம் அதே மேம்பாலம், அதே கத்தல், அதே வாடை. எப்படியோ உருட்டிக்கொண்டு அவன் ஷெட்டில் போய் நிறுத்தினேன். அவன் காருக்கு அடியில்கூடக் குனியவில்லை.

"மதினி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"நீங்க கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதிய. பொம்பளைய பூராம் அப்படித்தான். புத்தம் புது கிளட்ச் பிளேட்டு, மூணே வாரத்துல தீச்சுட்டிய."

"நான் காலை வச்சதை நீ எப்பப் பாத்த?"

"பாக்கணுமா? பிளேட்டு சொல்லுதுல்ல."

"பிளேட்டைப் பிரிச்சியா?"

"பிரிக்காமலே தெரியும் மதினி. எம்புட்டு வருசத் தொழிலு."

"சரி, அன்னைக்குக் கழட்டுன பழைய பிளேட்டைக் காட்டு."

"அதைப் பழைய இரும்புக்காரன் அள்ளிட்டுப் போயிட்டானே."

நான் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் சேதி டீக்கடை வழியாக வீட்டுக்காரரிடம் சேர்ந்துவிட்டது. வாசலிலேயே கையை நீட்டினார்.

"ஏட்டி, சாவியைக் குடு."

"எதுக்கு?"

"தொழில் தெரிஞ்சவன் சொல்லுதான், ஒன் கால் கிளட்சுலயே கெடக்குதாம். நானும் அப்பவே நினைச்சேன். கிளட்ச சரி பண்ணுனாலும் இனி நீ ஓட்ட வேண்டாம். எங்கயாவது போகணும்னா சொல்லு, நான் வாரேன்."

அவர் எங்கே வருவார்? காலையில் எழுப்புவதற்கே ஆள் வேண்டும். காரை வீட்டுக்குக் கட்டி இழுத்துவந்து தார்ப்பாய்க்கு அடியில் போட்டார். நான் குட்டி யானை லோடு வண்டிக்குக் கைகாட்டி, அந்த டிரைவரின் நேரம் பார்த்து, சத்திரப்பட்டிக்கும் ஷெட்டுக்கும் அலைந்தேன். என் ஷெட்டில் மடிக்கிற ஒருத்தி புதிதாக ஸ்கூட்டி ஓட்டப் பழகியிருந்தாள். அடுத்த வாரமே பஸ்ஸில் வந்தாள். "எங்க வீட்ல சாவியை வாங்கிட்டாவக்கா. ஒங்க ஓனரம்மாவே வண்டியைத் தீச்சுட்டா, நீ எம்மாத்திரம்னு கேக்காவ." அன்றைக்கு ராத்திரியே மனு எழுத உட்கார்ந்தேன். நான் வண்டியைத் தீய்க்கவில்லை என்று முத்திரை வைத்த காகிதத்தில் யாராவது எழுதித் தரவேண்டும். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவதாக இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று கணக்கில்லை. ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். ஒருநாள் எதிர்த்தரப்புக்கே காய்ச்சல். எனக்கு மட்டும் காய்ச்சலே வராது, என் உடம்பு அப்படி. வீட்டுக்காரர் "துணைக்கு" என்று கூடவே வருவார். வந்தவர் என் பக்கம் உட்கார்ந்தாரா என்றால், இல்லை. மெக்கானிக்கின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே பேப்பரைப் பிரித்துப் படிப்பார்கள். இடைவேளையில் சேர்ந்து டீ குடிப்பார்கள். ஒருமுறை மெக்கானிக் எனக்கும் ஒரு டீ அனுப்பினான். திருப்பி அனுப்பினேன். வீட்டுக்காரர் அதையும் குடித்தார்.

காரைப் பிரித்துப் பார்க்க ஒருவரைக் கோர்ட் நியமித்தது. ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கும் வாத்தியார். காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். எல்லார் முன்னாலும் கிளட்சை இறக்கினார்கள். பிளேட் அப்பளம் மாதிரித் தேய்ந்திருந்தது. அந்த வாத்தியார் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அறிக்கை எழுதினார். பிளேட் முழுதும் தேய்ந்துள்ளது. பழைய பிளேட்டாக இருக்கலாம். புது பிளேட் தவறாக ஓட்டியதால் தீய்ந்ததாகவும் இருக்கலாம். அம்புட்டுத்தான். இதைச் சொல்ல ஒரு படிப்பு, கழுத்தில் ஒரு டை.

விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அய்யனார் கோவில். என் கார், என் வீட்டுக்காரர், மெக்கானிக், இளித்துக்கொண்டு நான்.

"ஐயா, கிளட்ச் மாத்தி ஒரு வாரம் கழிச்சு எடுத்தது. மனுதாரர் இந்த வண்டியிலேயே அய்யனார் கோவிலுக்குப் போயிருக்காங்க. வண்டி நல்லா இருந்திருக்கு, இரண்டு தரப்பும் சுமுகமா இருந்திருக்காங்க. விருந்து சாப்பிட்டுட்டு வந்து கேஸ் போட்டிருக்காங்க."

அறையில் சிரிப்பு. மெக்கானிக் தலையைக் குனிந்து பணிவாகச் சிரித்தான். அவனுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆட்டுக்கறி இரண்டாம் முறை வாங்கித் தின்றது அவர், பேச்சு எனக்கு.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?"

நான் அந்த வாத்தியார் எடுத்த போட்டோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளட்சின் இரும்பு மூடி முன்னும் பின்னும் தெளிவாக இருந்தது. கருப்பாக இருந்தது. கருப்பாக மட்டும் இருந்தது.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "தம்பி, புதுச் சாமான் மாட்டுறதுக்கு முன்னால நீ என்ன செய்வ?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழில் பெருமையைக் கேட்டால் அவன் எந்த இடத்திலும் வாயை மூட மாட்டான். "பொட்டு வைப்பேன். பொட்டு வைக்காம ஒரு போல்ட்டு கூட எங்க ஷெட்ல மாட்ட மாட்டோம்யா."

"குங்குமமா?"

"பெயிண்ட்டு. ஆயிலு, சூடு எதுக்கும் அழியாது."

வக்கீல் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அவன் கவனிக்கவில்லை.

"அப்ப இந்தக் கிளட்சுல பொட்டு எங்க?" என்று போட்டோவை அவன் முன்னால் வைத்தேன்.

அழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அழியாது என்று அந்த நிமிஷம்தான் சொல்லி முடித்திருந்தான். தான் வைத்த பொட்டு அழியும் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவனால் முடியவில்லை. போட்டோவையே பார்த்தான். வீட்டுக்காரரைப் பார்த்தான். அப்புறம் ஒரு நல்ல யோசனை வந்த மாதிரி நிமிர்ந்தான்.

"ஐயா, அவிய வேதக்காரவிய. எங்க வண்டியில சந்தனம் குங்குமம் பொட்டு எதுவும் ஆகாது, வைக்காதன்னு மதினிதான் சொன்னாவ. அவிய மனசு நோகக் கூடாதுன்னு வைக்காம மாட்டுனேன்."

என் வாயைத் திறக்கவே அவசியம் இல்லாமல் போனது. நீதிபதி மேஜை மேல் கிடந்த அய்யனார் கோவில் போட்டோவை எடுத்தார். கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"கார் மேல பொட்டு வைக்கிறது யாரு?"

"நாந்தான்யா."

"சந்தனக் கிண்ணத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறது?"

அவன் விரல் என் பக்கம் நீண்டது. வக்கீல் தன் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோர்ட்டுக்கு அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தது அவன்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் வயிறு குளிர்கிறது. பழைய கிளட்சையே முடுக்கி மாட்டிவிட்டு, அந்தப் பொய்ப் புதுசுக்குப் பொட்டு வைக்க அவனுக்குப் பயம். அய்யனார் பார்த்துக்கொண்டிருப்பாரே. என்னை ஏமாற்ற மட்டும் பயம் இல்லை.

தீர்ப்பு வந்தது. புது கிளட்ச் மாட்டியதாகச் சொன்னது மெய்ப்பிக்கப்படவில்லை, எதிர்த்தரப்பு தன் செலவில் வேறு இடத்தில் புதிய கிளட்ச் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நான் அவசரமாக என் காலைத் தேடினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி. மனுதாரர் தவறாக ஓட்டினார் என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு ஆதாரம் இல்லை. நன்றாக ஓட்டுகிறார் என்று எழுதவில்லை. அதற்கு ஒரு வரி கூடுதலாக எழுதினால் மை தீர்ந்துவிடுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டில் புது கிளட்ச் மாட்டினார்கள். பக்கத்தில் நின்று, பெட்டியைப் பிரித்ததிலிருந்து பார்த்தேன். பழையதை ஒரு சாக்கில் கட்டி என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

காரை எடுக்கப் போன அன்று வீட்டுக்காரரும் வந்தார். தீர்ப்பின் நகலை அந்த வரியில் மடித்து அவர் கையில் கொடுத்தேன். படித்தார்.

"ஆதாரம் இல்லைன்னுதான் போட்டிருக்கு. தப்பா ஓட்டலன்னு போடலயே."

"சாவி."

"நான் ஓட்டுதேன், நீ பக்கத்துல உக்காரு."

"அந்த மெக்கானிக்கு பக்கத்துல வேணா போயி உக்காருங்க. சாவியைக் குடுங்க."

ஷெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அத்தனை மாதமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, நெஞ்சுக்கு மேலே.

அந்தச் சாக்கையும் காலடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டி ரோடு நேராக வந்ததும் வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. அவர் கொஞ்ச தூரம் பொறுத்தார்.

"ஏட்டி, காலு."

"என்ன காலு?"

"கிளட்சுல இருக்கு."

"குனிஞ்சு பாருங்க."

பதினேழு வருஷம் பனிமலையில் லாரி ஓட்டிய மனுஷன், சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நிஜமாகவே குனிந்தார். என் இடது கால் கிளட்சை விட்டுத் தள்ளி, தரையில், பழைய கிளட்ச் கட்டிய சாக்கின் மேல் சாய்ந்துகொண்டு இருந்தது. செத்த நேரம் அதையே பார்த்தார். நிமிர்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ராஜபாளையம் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டேன், இன்ஜின் கத்தாமல் ஏறியது. இறக்கத்தில்தான் கவனித்தேன். பக்கத்து சீட்டில் அவருடைய வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.