நாகலாபுரம் அருகே அலறிக்கொண்டிருந்த வேலி

வேலிகளில் சென்சார் பொருத்துவது என் பிழைப்பு. கம்பிவலை வேலியின் நடு உயரத்தில் ஒரு கேபிளை ஓட்டிக் கட்டிவிடுவோம். யாராவது ஏறினாலோ வெட்டினாலோ அந்த அதிர்வை உணர்ந்து காவலறையில் சைரன் கத்தும். ஆந்திர எல்லையைத் தாண்டி, நாகலாபுரம் அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் நாங்கள் பொருத்திய வேலி தினமும் இருபது முப்பது தடவை கத்துகிறது என்று புகார் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். அந்தப் பக்கம் சைட் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகலாபுரம் கோயிலுக்குப் போகிறவர்களும் படிக்கலாம், பேருந்து ஒன்றுதான்.

சென்னை மாதவரத்தில் காலை 5.50க்கு ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் வண்டி. டிக்கெட் நூறு ரூபாய். 8.10க்கு நாகலாபுரத்தில் இறங்கிக் கோயில் தெருவில் நாற்பது ரூபாய்க்கு இட்லி சாப்பிட்டேன். ஆலை அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். ஆலை என்றதும் ஓட்டுநர் சிரித்தார்.

"அந்த கத்துற ஃபேக்டரியா? மத்தியானம் ஒரு கோழித்தூக்கம் போட முடியல சார். நீங்கதான் மாட்டுனீங்களா? இறங்குங்க மொதல்ல" என்றார். ஆனாலும் ஆலை வாசல்வரை கொண்டுவிட்டார்.

ஆலை மேலாளர் சைரன் பதிவுகளை அச்சடித்து வைத்திருந்தார். பாதிக்கு எதிரே 'யாரும் போய்ப் பார்க்கவில்லை' என்று இருந்தது.

"சென்சார் பாகுந்தா, லேதா? அது மட்டும் சொல்லுங்க. நல்லா இருந்தா அந்த வாட்ச்மேன் இன்னைக்கே அவுட். அவன் காலனி ஆளுங்கள உள்ள விடறான்."

வாட்ச்மேன் முனிரத்தினத்துக்கு ஐம்பது வயது இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்காரர். காலனியிலிருந்து ஏரிக்குப் போகும் பாதை முன்பு இந்த இடத்தின் வழியாகத்தான் போனது. இப்போது இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பாதையை எடுத்துக்கொண்டவர்கள், அதில் நடந்தவர்களைத் திருடர்கள் என்கிறார்கள். என் சம்பளமும் அந்தச் சந்தேகத்திலிருந்துதான் வருகிறது.

வேலி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒருவர் ஏறிப் பார்ப்பதுதான் சோதனை. முனிரத்தினத்தை ஏறச் சொன்னேன்.

"நானே திருடன் வேஷம் கட்டணுமா சார்?" என்றபடி ஏறினார். நான்கிலும் சைரன் சரியாகக் கத்தியது.

"எல்லாம் நல்லாக்கீதா சார்?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப நான் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"கத்தும்போது ஏன் போய்ப் பாக்கல?"

"மொதல் வாரம் ஓடிக்கினேதான் இருந்தேன். போய்ப் பாத்தா ஒரு நாய்கூட இல்ல. எத்தினி வாட்டி ஓடறது?"

பதிவுகளை மறுபடி பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே மூன்றாம் பகுதி, காலை பதினொன்றிலிருந்து மாலை நான்குக்குள். எந்தத் திருடன் அலுவலக நேரம் பார்த்து வருவான்? பதினொரு மணிக்கு வலைமேல் உள்ளங்கையை வைத்தபடி மூன்றாம் பகுதியோரம் நடந்தேன். காற்று கிளம்பியதும் வலை அதிர்வது கையில் தெரிந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெரிய தகரப் பலகை. 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று தெலுங்கிலும் தமிழிலும். நாங்கள் வேலையை முடித்துப் போன பிறகு மாட்டியது. மேல் இரண்டு மூலைகளை மட்டும் கட்டுக்கம்பியால் வலையோடு கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு காற்றுக்கும் பலகையின் அடிப்பக்கம் வேலியில் மோதியது.

முனிரத்தினம் பலகையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் சத்தமே இல்லை. விட்ட ஒரு நிமிடத்தில் சைரன். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாட்டச் சொன்னதே அவர்தானாம்.

"ரிப்போர்ட்டுல காத்துன்னு எழுதுங்க. போர்டு எதுக்கு?"

பலகையைப் பற்றி எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "சரே" என்றார். பலகையைக் கழற்றித் தனிக் கம்பங்களில் நட்டோம். நான்கு மணி வரை ஒரு சைரன்கூட இல்லை. முனிரத்தினத்தின் வேலை தப்பியது.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வாசலில் மெல்லச் சொன்னார்: "இத்தினி நாளு கத்துனா, சும்மாதான்னு குந்திக்கினு இருந்தேன். இனிமே கத்துனா ஆளுதான். வலையத் தூக்கிக்கினு பூந்து வரப்போறது எங்க ஊருக்காரன்தான் சார். நானே புடிச்சிக் குடுக்கணும்."

இதுவரை யாராவது வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. உள்ளே திரும்பிப் போய் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: 'காலனி மக்கள் ஏரிக்குப் போக மூன்றாம் பகுதியில் ஒரு பாதை விட்டால், வேலியைத் தாண்டும் தேவை யாருக்கும் இருக்காது.' மேலாளர் படித்தார். அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

போகிறவர்களுக்கு: ஆலைப் பக்கம் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஐந்து மணிக்கு மேல் ஷேர் ஆட்டோ அரிது, காலையிலேயே ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சைரன் ஓயாமல் கத்தினால் சென்சாரின் உணர்திறனைக் குறைத்துத் தப்பிக்காதீர்கள். வேலியில் தொங்கும் பலகை, பேனர், கொடி எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். அப்புறம், வேலி வருவதற்கு முன் அந்த ஊர் எந்த வழியாக நடந்தது என்று கேட்டு அறிக்கையில் எழுதுங்கள். அந்த வரியை அடிப்பார்கள். அடித்த தாளைக் கிழித்துப் போடாமல் கோப்பிலேயே வையுங்கள். முனிரத்தினம் யாரையாவது பிடிக்க நேரும் நாளில், அவர்களுக்காக ஒரு வழி கேட்கப்பட்டது என்பதற்கு நான் கோப்பில் வைத்திருக்கும் அந்தத் தாள் மட்டும்தான் சாட்சி.