குழந்தையை யார் தூக்கினது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலையூர் கம்போங் ராஜாவில் ஒரு காதுகுத்து. மொட்டையடித்த குழந்தை மடி மாறி மடி மாறி வந்துகொண்டிருந்தது. நானும் கையை நீட்டினேன்.

“டீச்சரம்மா, நீ தூக்காத லா! அப்புறம் இதுக்கும் உரம் விழுந்துடப் போவுது!”

சொன்னவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. பந்தலே சிரித்தது. என் கணவர்? எங்கள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தோரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நீட்டிய கையை என்ன செய்வது? சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல இழுத்துக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் நான் ஆசிரியை. காத்துக் காத்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் பிறந்தவன் என் மகன். அப்போது அவன் பிறந்து மாதம்கூட ஆகவில்லை. குளிப்பாட்டும்போது கழுத்தின் வலப்புறம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கோலிக்குண்டு போல... கெட்டியாக. தலையும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

நாத்தனார் பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரியில் வந்து இறங்கினார். கழுத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு!

“உரம் விழுந்திருக்கு. யாரு தூக்குனது?”

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளையின் கழுத்து கோணினால் அது உரம்தான். யாரோ தப்பாகத் தூக்கிச் சுளுக்கிக்கொண்டதாம். வைத்தியமும் உண்டு. சேலையின் இரு முனையை இருவர் பிடிக்க, நடுவில் பிள்ளையைக் கிடத்தி உருட்டுவார்கள். உருட்டினார்கள். அவன் வீறிட்டான். கட்டி அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது — குற்றவாளி நான்.

மலையிறங்கி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் தடவிப் பார்த்தார். வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். என்ன தெரியும்? அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. என் மணிக்கட்டு அளவுகூட இல்லாத கழுத்து. அதில் எங்கே கத்தி வைப்பார்கள்?

கூட இருந்த இளம் டாக்டரம்மா தமிழ்ப் பெண். “அதுக்கு முன்னாடி ஸ்கேன் பார்த்துடலாம்மா. மெஷின் இப்பதான் வந்திருக்கு. வலிக்காது.”

கழுத்தில் சில்லென்று ஏதோ பசை தடவினார்கள். டிவிக்குள் மழை பெய்வது போல ஒரு படம். பிறகு, சந்தேகமே வேண்டாம் என்று, முடிபோல மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்தார்கள். தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு கேட்க மறுபடியும் மலையிறங்கினோம். அந்த இளம் டாக்டரம்மாதான் சொன்னார்.

“கேன்சர் இல்லம்மா. கழுத்துத் தசை தடிச்சிருக்கு, அவ்வளவுதான். வயித்துல இருந்தப்பவே தலை மடங்கிக் கிடந்திருக்கும். கத்தியே வேணாம். ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பி விடுங்க, எப்படின்னு காட்டுறேன். கரைஞ்சிடும்.”

“யாராச்சும் தப்பா தூக்கினதால...?”

“யாரு சொன்னா? இல்லவே இல்ல!”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாதி அவனுக்காக. மீதி எனக்காக.

வீடு வந்ததும் நாத்தனாரிடம் சொன்னேன்.

“ஓ... வயித்துலயே கோணிக்கிச்சா? பின்ன, மாசமா இருக்கறப்ப நாள் பூரா போர்டுல எழுதிக்கிட்டு நின்னா? சொன்னா கேட்டியா நீ?”

முன்பு தூக்கத் தெரியாதவள். இப்போது சுமக்கவும் தெரியாதவள்!

டாக்டரம்மா சொன்னபோது என் பக்கத்திலேயே நின்ற கணவர், கால் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: “விடும்மா. அக்கா ஏதோ அக்கறையில பேசுது.”

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைக்கு நோய் என்றால் நம்மவர்கள் டாக்டரைத் தேடுவதற்கு முன் குற்றவாளியைத் தேடுகிறார்கள். நோய் தீர்ந்த பிறகும் அந்த வழக்கு முடிவதில்லை.

தினமும் திருப்பி விட்டேன். கட்டி கரைந்துவிட்டது. அன்று பந்தலில் சிரிப்பு அடங்கியதும், அப்பாவின் தோளிலிருந்து என் மகன் என்னைத் தேடினான். வலப்பக்கம், இடப்பக்கம்... கழுத்து அழகாகத் திரும்பியது.

அவன் அப்பாவுக்குத்தான் அந்தப் பயிற்சியை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.