ஓடுகிற வேனை நிறுத்தி வைத்தவர்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் மெக்கானிக்கின் கைகள் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பழந்துணிமேல் வைத்தன. கிண்ணத்தில் தூசி இல்லை. பெட்ரோல் பாயும் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது ஊசித்துளை வழியே வானம் தெரிந்தது. மிதவையும் தடையில்லாமல் ஏறி இறங்கியது. கைகள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டின.

"இப்ப போட்டுப் பாருங்கம்மா."

வேன்காரம்மா சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது.

"அப்பாடா. அப்ப நான் கிளம்பறேண்ணே."

"கிளம்பாதீங்க" என்றார் மெக்கானிக்.

"அதான் ஓடுதே."

"நான் ஒண்ணுமே பண்ணல, ஓடுது. ஏன் நின்னுச்சுன்னும் தெரியல, இப்ப ஏன் ஓடுதுன்னும் தெரியல."

வேனின் பின்பக்கத்தில் அட்டைப்பெட்டிகளுக்குள் அறுநூறு கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவள் சொந்தமாக வாங்கிய பொரிப்பு இயந்திரத்தில், இருபத்தொரு நாள் தூக்கத்தைத் தொலைத்துப் பொரிக்கவைத்த முதல் ஈடு. ஐந்து மணிக்குள் பண்ணையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பண்ணைக்காரர் வேறிடத்தில் வாங்கிக்கொள்வார். மூடிய வேனுக்குள் வெயிலில் நின்றால் குஞ்சுகளே தங்காது. இப்போது மணி பன்னிரண்டு. போக வேண்டிய தூரம் இன்னும் இரண்டரை மணி நேரம்.

காலையிலிருந்து வேன் மூன்று முறை படுத்துவிட்டது. முதல் மெக்கானிக், பெட்ரோலை இழுக்கும் பம்பை மாற்றினார். இரண்டாமவர் பிளக்குகளை மாற்றினார். இரண்டு பேர் கையிலும் வண்டி சமர்த்தாகத்தான் கிளம்பியது. இருபது கிலோமீட்டர் போனதும் மறுபடி படுத்தது. மூன்றாவது முறை நின்ற இடம் இவர் கடைக்கு நூறடி முன்னால்.

சுற்றுவட்டாரத்தில் இவருக்கு 'அவசரம்' என்று பெயர். அவர் நிதானத்தைப் பார்த்துக் கேலிக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. யாரிடமும் கைகட்டி நின்று தொழில் பழகியவர் இல்லை. தண்ணீரேற்றும் நிலையத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழைய காரை வாங்கி, முழுக்கப் பிரித்து, திரும்பப் பூட்டி, மிச்சமாகிவிட்ட எட்டு உருப்படிகள் எங்கே போக வேண்டும் என்று எட்டு மாதம் தேடியவர். கடை திறந்த புதிதில் ஒருவருடைய காரை 'ஓடுகிறதே' என்று அனுப்பிவைத்தார். மதியம் அந்த மனிதர் இரண்டு பிள்ளைகளோடு வெயிலில் நடந்தே திரும்பி வந்தார். திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். அன்றிலிருந்து காரணம் தெரியாத எந்த வண்டியையும் இவர் கையை விட்டு அனுப்புவதில்லை.

"இதுக்கு மேல நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது, ஒரு கடை கிடையாது. குஞ்சுகளை வச்சுக்கிட்டு அங்க என்னம்மா பண்ணுவீங்க?"

வேன்காரம்மா என்ஜினை அணைத்தாள். உதிரிபாக அலமாரிக்குப் பின்னாலிருந்து மெக்கானிக்கின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எங்க கல்யாணத்துக்கே இவரு லேட்டாத்தான் வந்தாரு. வழியில எவனோ ஒருத்தன் பைக் நின்னுபோச்சாம்."

"அந்த பைக் அப்புறம் ஓடுச்சா அண்ணி?"

"இன்னிக்கும் ஓடுது. அதான் எனக்கு எரிச்சல்."

பெட்டிகளைக் கடையின் நிழலுக்கு மாற்றினார்கள். மனைவி தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

"எங்கண்ணே?"

"நிக்கற வரைக்கும்."

கடைக்கும் நாற்சந்திக்கும் இடையே போவதும் வருவதுமாக ஓட்டினார். பத்து கிலோமீட்டர். பதினைந்து. என்ஜின் தாலாட்டுப் பாடியது.

"நிக்கணும்னு வேண்டிக்கிட்டு வண்டியில உக்காந்திருக்கேன். யாருகிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க" என்றாள் வேன்காரம்மா. நிமிடத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் வேன் இருமியது, குலுங்கியது, நின்றது.

"நல்லது" என்று இறங்கினார் மெக்கானிக். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். ஒரு சொட்டுகூட இல்லை. பம்போ புத்தம் புதிது.

"டேங்க்ல பெட்ரோல்?"

"காலையில கழுத்து வரைக்கும் நிரப்பினேன்."

வேனை ஒட்டிப் பின்பக்கமாக நடந்தார். கை மஞ்சள் தகட்டைத் தடவிக்கொண்டே வந்தது.

"பெயின்ட் புதுசாம்மா?"

"போன வாரம் நானே அடிச்சது. முதல் ஈடு போற வண்டி பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு. ஒரு இடம் விடல, டேங்க் மூடி வரைக்கும்."

அவர் நடை நின்றது. டேங்க் மூடியருகே குனிந்து அதன் நடுவை நகத்தால் தடவினார். பிறகு மெல்லத் திருகினார்.

உஸ்ஸ்ஸென்று நீண்ட சத்தம்; முங்கியவன் தலைதூக்கி மூச்சிழுப்பதுபோல.

அவர் பல் தெரியச் சிரித்தார். "பெட்ரோல் வெளிய போகப்போக காத்து உள்ள வரணும்மா. அதுக்கு இந்த மூடியில குண்டூசித் தலையளவு ஒரு ஓட்டை உண்டு. அதைப் பெயின்ட் அடைச்சிருச்சு. டேங்க் உள்ளிழுத்துப் பிடிச்சுக்குது, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வரல. நின்னு ஓய்வெடுத்தா ஓரமா கொஞ்சம் காத்து கசியும், மறுபடி ஓடும்."

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லா அடிச்சிட்டீங்க."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள்.

மெல்லிய கம்பியால் துளையைச் சுரண்டி, மூடியை உதட்டில் வைத்து ஊதினார். காற்று தாராளமாக மறுபக்கம் போனது. மூடியை இறுக்கிவிட்டு, "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றார். இந்த முறை அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இருபது கிலோமீட்டர் கடந்தது. இருபத்தைந்து ஆனதும் அவள் ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டி, "படுத்துப் பாரு பார்ப்போம்" என்று வேனுக்குச் சவால் விட்டாள். வேன் படுக்கவில்லை.

கடை வாசலில் நிறுத்தியதும் அவர் சாவியை வாங்கிக்கொண்டு போய் மூடியைத் திறந்தார். காதை வைத்துக் கேட்டார். உஸ்ஸென்ற சத்தமே இல்லை.

மணி இரண்டு. மனைவி பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். "ஒண்ணுகூட வாடல. தண்ணி குடிச்சிட்டு என்னையே அதட்டுதுங்க" என்றாள்.

மெக்கானிக் மூடியைப் பூட்டினார். மஞ்சள் கதவில் பதிந்திருந்த தன் கிரீஸ் விரல்களைத் துணியால் துடைத்தெடுத்தார். சாவியையும் துடைத்து, வேன்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.