என் கணவரின் நெஞ்சில் வளர்ந்தது

என் கணவர் இருமத் தொடங்கியபோது தெப்ராவில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் தூசி என்றுதான் நினைத்தோம். கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் காலையில் எழும்போதே முகம் வீங்கியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. பெரிய மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி தெரிந்தது.

கட்டியில் ஊசி வைத்துப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். விதைப்பையையும் ஸ்கேன் செய்தார்கள். அவர் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அங்கே ஒன்றுமில்லை.

“கருவுல இருக்கும்போதே விதைக்குப் போக வேண்டிய செல்லு கொஞ்சம் வழியில நெஞ்சுலயே தங்கியிருக்கும் அக்கா. அதுதான் இப்ப புற்றா வளருது,” என்றார் டாக்டர். என்னைவிட இளைய தமிழ்ப் பெண். “மருந்துக்கு நல்லா கேக்கும். ரத்தத்துல ஒரு ஹார்மோன் ஏறியிருக்கு. அது இறங்குதான்னு பாத்துக்கிட்டே வரணும்.”

“என்ன ஹார்மோன்?”

அவர் தயங்கினார். “கர்ப்பமா இருந்தா நமக்கு வருமே, அதுதான்.”

எனக்கு அதைத் தெரியும். முந்தைய ஆண்டு எங்கள் குழந்தை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, அந்த ஹார்மோன் முழுவதும் இறங்கும்வரை வாராவாரம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். இறங்க இறங்க அழுதேன். இப்போது அவர் உடம்பில் அதே ஹார்மோன் இறங்க வேண்டுமென்று கோயிலில் போய் நின்றேன்.

முதலில் விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். பிறகு நான்கு சுற்று கீமோ. முடியும் புருவமும் போயின. காதில் ஓயாத இரைச்சல். ஹார்மோன் இறங்கி இயல்பானது, கட்டி மட்டும் கரையவில்லை. நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள்.

“புற்று செத்துப்போச்சு அண்ணே,” என்றார் டாக்டர், பரிசோதனை முடிவு வந்ததும். “மிச்சம் இருந்தது குருத்தெலும்பு, கொஞ்சம் முடி.”

“அலமாக், முடியா?” என்று வியந்து என் கணவர் சிரிக்கப் பார்த்தார்.

“யாரோட முடி?” என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். “அண்ணனோடதுதான் அக்கா. அந்தச் செல்லு எதுவா வேணும்னாலும் மாறும்.”

இப்போது அவர் வேலைக்குப் போகிறார். ஒவ்வொரு பரிசோதனையும் நன்றாகவே வருகிறது. இன்னொரு குழந்தை பற்றி அவர் பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

போன மாதம் மூவார் நகரில் ஆற்றோரக் கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டார்: “அதையெல்லாம் அவங்க எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?”

கட்டியைச் சொல்கிறாரா, குழந்தையைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.