மூன்று நாள் கியாரில் ஒரு லெப்டொப்

மதுரங்குளிச் சந்தியில் ஒரு கதை உலாவியது. மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புத்தளத்துக் கடைக்குள் புகுகிறாளாம். கைப்பையிலிருந்து விரல் நீளத்தில் ஏதோ ஒன்றை எடுத்து லெப்டொப்பின் விலாவில் சொருகுகிறாளாம். மெஷின் கறுத்துப்போய், வெள்ளை எழுத்துகள் மழைபோல் கொட்டுகின்றனவாம். அதற்குப் பிறகு மெஷின் கடைக்காரன் சொல் கேட்காதாம். அதை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு, சரிவராது என்று திருப்பிக் கொடுத்து, வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போகிறாளாம். கடைக்காரன் வாய் திறக்க முடியாதாம். அவளிடம் மார்க்கத் தீர்ப்பு ஒன்று எழுத்தில் இருக்கிறதாம்.

எனக்கு இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். இருவர் பொய் சொல்லாதவர்கள். மூன்றாமவர் முடிவெட்டுகிறவர். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்ததால் சந்தேகம் வந்து, விசாரிக்கப் புறப்பட்டேன். இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மாதம் அது.

கடை ஸியாத் நானாவுடையது. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. புது லெப்டொப்புகள் கண்ணாடிக்கு உள்ளே, ஸியாத் நானா கண்ணாடிக்கு வெளியே. வயது ஐம்பத்திரண்டு. தகப்பனார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர் என்பதால், மகனும் மார்க்க விஷயத்தில் கொஞ்சம் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

"கதை உண்மையா, நானா?"

"பாதி உண்மை."

"எந்தப் பாதி?"

"எனக்கு மண்டையிடி வந்த பாதி."

பெண்ணின் பெயர் அலீமா என்றார். மிச்சத்தை அவரிடமே கேட்கச் சொன்னார்.

அலீமா இருக்கும் குடியிருப்பு, சந்தியிலிருந்து கடல் பக்கமாக ஒன்றரை மைல். ஓட்டு வீடுகள், குழாய்த் தண்ணீர், இரண்டு மாடி வீடு நாலைந்து, ஒரு பாலர் பாடசாலை. இருபத்தாறு வருடமாகியும் திரீவீல்காரர்களுக்கு அது "அகதி காம்ப்"தான். "காம்ப்புக்கா?" என்று என்னையும் கேட்டார்கள். ஓம் என்றேன். இதை அலீமாவிடம் நான் சொல்லவில்லை.

தொண்ணூறில், யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னார் முசலிப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது அலீமாவுக்குப் பதினைந்து வயது. கொண்டுவந்தது இரண்டு பாடப் புத்தகம். அதில் ஒன்று வேறு யாருடையதோ. இங்கே ஓலைக் கொட்டிலில் தட்டச்சு வகுப்பு நடந்தது. ஒரு மெஷினுக்குப் பன்னிரண்டு பெண்கள். தன் முறை வரும்வரை கார்ட்போட் மட்டையில் எழுத்துகளைக் கீறி, அதில் விரலை ஓடவிட்டுப் பழகினார். மட்டையில் பழகியதால் இன்றைக்கும் விசையைப் பார்க்காமலே அடிக்கிறார். உப்பு லொறி ஓட்டும் லத்தீபைக் கட்டிய பிறகும் அந்த விரல்கள் நிற்கவில்லை.

அவர் தொழில் மனு எழுதுவது. காணி மனு, பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு. லெப்டொப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி வீடு வீடாகப் போவார். ஆட்களைத் தன்னிடம் வரச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"வருவாங்க. வந்து வேற ஊட்டுக் கதிரையில இருந்தா எல்லை மறந்துரும். தன்ட ஊட்டுல, தன்ட கதிரையில இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சாத்தான், வடக்க ஆருட தோட்டம், கிழக்க எந்தப் பாலமரம் எண்டு வரும்."

போன வருடம் பழைய லெப்டொப்பில் ஒரு அனர்த்தம். போட்டோக்கொப்பிக் கடையில் பென்டிரைவ் கொடுத்து வாங்கியதில் வைரஸ் ஏறி, கோப்புகள் எல்லாம் காணாமல் போய், திருத்தக் கொடுத்த இடத்தில் மொத்தமாகவும் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தேழு மனு. முப்பத்தேழு வீட்டிலும் மறுபடி தேத்தண்ணி. இரண்டாம் தரம் சொன்னபோது இருவருடைய எல்லை இடம் மாறியது. ஒருவருக்குக் காணி கால் ஏக்கர் வளர்ந்திருந்தது.

அந்த லெப்டொப்பில் இருந்தது கடைக்காரர் இனாமாகப் போட்டுக் கொடுத்த களவு வின்டோஸ். நம் நாட்டில் அது லெப்டொப்போடு வரும் பை மாதிரி; யாரும் கேட்பதுமில்லை, மறுப்பதுமில்லை. அலீமா மட்டும் ஒருநாள் யோசித்தார்.

"பறிகுடுத்த காணியைத் திருப்பித் தாங்க எண்டு எழுதுறன். அதைக் களவெடுத்த சாமான்ல இருந்து எழுதுறதா? துஆ கேக்கவும் வெக்கமா இருந்திச்சு."

வின்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அவருக்குப் புதிதல்ல. யுத்தம் முடிந்த வருடம் ஏதோ ஒரு நிறுவனம் பயிற்சி வைத்து, ஆளுக்கு ஒரு கட்டு சீடி கொடுத்திருந்தது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்தும் பார்க்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கற்பிட்டிப் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களில் அந்தச் சீடிகள் சில காலம் நன்றாக வேலை செய்தன. காகங்கள் கிட்ட வரவில்லை. அலீமா மட்டும் தன்னுடையதை மெஷினுக்குள் போட்டுப் பார்த்தவர். இப்போது அதன் புதிய பதிப்பு, அவருடைய பென்டிரைவில் இருக்கிறது. பழைய தட்டச்சு முறையிலேயே தமிழ் அடிக்கலாம். விரலுக்கு மறுபாடம் தேவையில்லை. முடிவெட்டுகிறவர் சொன்ன விரல் நீளச் சாமான் இதுதான்.

ஆனால் எல்லா லெப்டொப்பும் லினக்ஸோடு ஒத்துப்போகாது. வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. அவசரமும் இருந்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், உத்தியோகத்தர்கள் நேரே வந்து காணி மனு வாங்கும் நடமாடும் சேவை. இந்தக் குடியிருப்பிலிருந்து நாற்பத்துமூன்று குடும்பம் அன்றைக்கு மனுக் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த சேவை எப்போதென்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் கரண்டும் இல்லை. பழைய லெப்டொப்போ, துடைத்த நாள்முதல் இழுத்து இழுத்து ஓடி, செத்துப்போயிருந்தது. கையில் இருந்த காசுக்கு ஒரு மெஷின்தான் வாங்கலாம். அது சரிவராவிட்டால் இன்னொன்று கிடையாது.

இங்கேதான் அந்த மார்க்கத் தீர்ப்பு வருகிறது. பள்ளிக்கூட இஸ்லாம் புத்தகத்தில் வியாபாரம் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளை, மூன்று நாள் யோசிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு வாங்கலாம். அதற்குள் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். கியார் என்பார்கள். ஊரில் எல்லோரும் பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சையோடு விட்டுவிட்டு வந்த விஷயம். அதைக் கடையில் போய்க் கேட்ட முதல் ஆள் அலீமா.

"நல்ல சாமான் தங்கச்சி, என்ட பேச்சுல நம்பிக்கை இல்லையா?" என்றாராம் ஸியாத் நானா.

"உங்கட பேச்சுல நம்பிக்கை இரிக்கி நானா. லெப்டொப் இன்னும் ஒண்டும் பேசல்லயே. மூணு நாள் கியார்ல தாங்க."

கடையில் நாலு பேர் நின்றார்கள். பள்ளிவாசல் நிர்வாகியின் மகன் கியார் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் லெப்டொப் வெள்ளி நிறம், கத்தரிக்காய்க் கீற்றுப் போல மெல்லிசு. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் நன்றாக எழும்பியது. படம் நல்லது, சத்தம் நல்லது. வைபை மட்டும் இல்லவே இல்லை. உள்ளே இருந்த வைபை சிப்பை லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவதில் வைபை வந்தது. ஆனால் மூடினால் தூங்கியது, திறந்தால் சில நேரம் எழும்பவில்லை. ஒரு வீட்டில் மூடி அடுத்த வீட்டில் திறக்கிறவருக்கு அது பெரிய குறை. நாற்பது தரம் மூடித் திறந்து பார்த்தார். பதினொரு தரம் இருட்டு. லத்தீப் உப்புப் படிந்த கையோடு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"என்னை மட்டும் ஒரே பார்வையில எடுத்துட்டா," என்றார் என்னிடம். "மூடித் திறந்து பாக்கவே இல்ல."

"வாப்பா கியார் இல்லாம கல்யாணத்தை முடிச்சிட்டார்," என்றார் அலீமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்தது ஒரு புதன்கிழமை. சனிக்கு நடுவில் இரண்டே நாள். கடையில் அன்று, போன் கண்ணாடி மாற்ற வந்த பாறூக் உட்கார்ந்திருந்தார். மிச்சத்தைச் சொன்னவர் அவர்தான். ஸியாத் நானா முகத்தைக் கொடுக்காமல் மெஷினை வாங்கி வைத்துவிட்டு, லுஹர் தொழப் போய்விட்டார்.

கல்லாவில் ஒரு லெப்டொப் திறந்து கிடந்தது. கடையின் சொந்த மெஷின். கறுப்பு, தடிப்பு, கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்டது. எழுத்துகள் தேய்ந்த விசைகள். பின்னால் பெரிய பெட்டரி கூனல்போலத் தள்ளிக்கொண்டு நின்றது. அலீமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு பென்டிரைவை எடுத்தார்.

"ஆக்கள் இல்லாத நேரம் கை வைக்காதீங்க," என்றாராம் பாறூக்.

"நீங்க ஆள் இல்லையா? பாத்துக்கிட்டு இரிங்க. உள்ளுக்கு ஒண்டும் எழுதமாட்டன்."

வைபை வந்தது. பிரிண்டரைத் தானாகவே கண்டுகொண்டது. மூடினார், திறந்தார், பத்துத் தரம். பத்துத் தரமும் விழித்தது. கரண்டைக் கழற்றினார்; ஐந்து மணித்தியாலம் மிச்சம் என்று காட்டியது. தேய்ந்த விசைகள் அவரை என்ன செய்யும், மட்டையில் பழகியவருக்கு?

தொழுகை முடிந்து வந்த ஸியாத் நானா, தன் மெஷினில் தனக்குத் தெரியாத திரை ஒன்றைக் கண்டார்.

"என்ன தங்கச்சி இது! என்ட மெஷின்!"

"கழட்டினாப் பழைய மாதிரித்தான், நானா. இதைத்தான் தேடினன். தாங்க."

"இதா? இந்தச் செங்கல்லா? நாலு வருசமா என்ட கையில ஓடுற மெஷின் இது." நானாவின் குரல் ஏறிவிட்டது. "காம்ப்புல இருந்து வந்து கடையையே கேப்பீங்க போல! வல்லாஹி, இத விக்கமாட்டன்!"

சத்தியம் இட்டது பாறூக் முன்னால், இன்னும் இரண்டு பேர் முன்னால். காம்ப் என்ற சொல்லும் அவர்கள் முன்னால்தான்.

அலீமா பென்டிரைவைக் கழற்றக் கையை நீட்டியவர், நிறுத்தினார். மெஷினில் கடையின் வெளி டிஸ்க் ஒன்று மாட்டியிருந்தது. திரையில் அதைத் திறந்திருந்தார்.

"நானா, இது ஆருட கல்யாணம்?"

ஸியாத் நானாவின் மகள் ஃபஹ்மியாவின் கல்யாணம். படங்கள் வைரஸில் போய் இரண்டு மாதம். போனதை மனைவிக்குச் சொல்லாமல், அல்பம் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தார் மனுஷன். வைரஸ் அழித்திருக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது. வின்டோஸுக்குத் தெரியாததை லினக்ஸ் அப்படியே காட்டிவிட்டது. மாப்பிள்ளை, பெண், புரியாணி, எல்லாம்.

"சுப்ஹானல்லாஹ்," என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் பேரம் பேசியிருப்பேன். இதை வாசிக்கிற நீங்களும்தான். அலீமாவோ படங்களை வேறொரு டிஸ்குக்கு மாற்றினார், சரி பார்த்தார், கையில் கொடுத்தார். பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டார்.

"ஊட்டுல காட்டுங்க, நானா. நான் வாறன்."

அவர் படி இறங்கிப் பாதையைக் கடக்கப்போகும்போது பின்னால் சத்தம்.

"தங்கச்சி, நில்லுங்க! பெட்டரி சார்ஜரை ஆரு கொண்டுபோற?"

கறுப்பு மெஷினுக்கு நானா கேட்டது நியாயமான விலைதான். கியார் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், பார்த்தாயிற்று என்றார் அலீமா.

சனிக்கிழமை எலுவன்குளம் வழியாகக் காட்டுப் பாதையில் பஸ் போனது. புழுதியில் எல்லோரும் ஒரே நிறமானார்கள். செங்கல் மடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மா மரத்தின் கீழ் மேசை போட்டு, கடைசித் திருத்தங்களை அடித்து, மோட்டார் சைக்கிளில் பெட்டரியில் ஓடும் பிரிண்டர் கொண்டுவந்தவரிடம் அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உத்தியோகத்தர் ஒருவரின் லெப்டொப் அன்று பார்த்து அப்டேட் செய்யத் தொடங்கி, முப்பது வீதத்தில் மூச்சுப் பிடித்து நின்றது. அவர் எழும்பி வந்து அலீமாவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன வின்டோஸ்?"

"வின்டோஸ் இல்ல, சேர். எங்கட."

கடைசி மனு பின்னேரம் மூன்றரைக்கு. நாற்பத்துமூன்றாவது. பெட்டரியில் ஒன்பது வீதம் மிச்சம் இருந்தது என்பதை என்னிடம் மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரமும் நான் முதல் தரம் போலவே கேட்டேன். காணி கிடைக்குமா என்பது வேறு விஷயம். அரசாங்கமும் கியார் எடுத்திருக்கிறது, இருபத்தாறு வருடமாக யோசிக்கிறது. ஆனால் மனு போய்ச் சேரவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நாற்பத்துமூன்று பற்றுச்சீட்டையும் பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார்.

இனி ஸியாத் நானாவின் பிரச்சினை. அல்லாஹ்வின் மேல் சத்தியமிட்டு, அதை முறித்தாயிற்று. பரிகாரம், பத்து ஏழைகளுக்கு உணவு. அளவு கேட்டபோது, ஆளுக்கு இத்தனை அரிசி என்று மௌலவி சொன்னார். நானா தாராளமாக, அளவுக்கு மேலேயே, பத்துப் பொதி கட்டினார். ஏழைகளை எங்கே தேடுவது என்று அவருக்கு யோசனையே வரவில்லை. திரீவீலில் ஏற்றி, "காம்ப்புக்குக் கொண்டுபோய் அலீமாட்டக் குடு, அவ பிரிச்சுக் குடுப்பா" என்று அனுப்பிவிட்டார்.

அலீமா திரீவீல்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பொதிகளை இறக்கவிடவில்லை.

"நானாவுக்கு ஸலாம் சொல்லுங்க. இங்க நாற்பத்துமூணு காணிக்காரர் இரிக்கிறாங்க, ஏழை ஒருத்தரும் இல்ல. வேற எங்கயாச்சும் பாக்கச் சொல்லுங்க."

ஒரு பொதியை பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்கும் கண் தெரியாதவர் வாங்கிக்கொண்டார். இன்னொன்றுக்கும் ஆள் கிடைத்ததாம். நான் கடைசியாகப் போனபோது எட்டுப் பொதி கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. புது மெஷினை அந்தப் பொதிகளின் மேலேயே வைத்துக்கொண்டு ஸியாத் நானா பில் போட்டுக்கொண்டிருந்தார்.