டப்பா அண்ணன் மாட்டிய பலகை

உலகத்தில் ஓடுகிற வண்டிகளெல்லாம் டப்பா என்பது அவருடைய தீர்மானம். புது வண்டி, பழைய வண்டி, பெரிய மனுஷன் வண்டி, ஓசி வண்டி என்ற பாரபட்சமெல்லாம் அவரிடம் கிடையாது. பட்டறை வாசலில் எது வந்து நின்றாலும் ஒரு சுற்று சுற்றி வருவார், உதட்டைப் பிதுக்குவார், "டப்பா" என்பார். சொல்லிச் சொல்லியே அவருக்கு டப்பா அண்ணன் என்று பேர் நிலைத்துவிட்டது. பேர் வைத்தவர்களையும் அவர் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

வண்டியோடு நிறுத்திக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்ச்சாரியில் டயர் கடை வைத்திருப்பவனுக்குக் காற்றடிக்கவே தெரியாது. பெயின்ட் கடைக்காரன் விற்பது கலர் தண்ணீர். தன் பட்டறைக்கு வருகிறவர்கள், ஸ்டியரிங்கை எதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் பிடித்துக்கொண்டு திரிகிற ஜென்மங்கள். இத்தனையும் அவரவர் காதுபடவே சொல்வார். இருந்தும் ஆட்கள் ஏன் வந்தார்கள் என்றால், சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு வேலை சுத்தம். நசுங்கிய கதவை அவர் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்துவிட்டால், எங்கே நசுங்கியது என்று இடித்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. வாங்குகிற திட்டைத் துடைத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள்.

துடைத்துப் போடாதவள் ஒருத்திதான். அவருடைய ஒரே மகள்.

அவளுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. "பெட்டிய மேல இழுத்துக் கீழ விடுற உத்தியோகம்" என்று அப்பா அதற்கும் ஒரு நற்சான்றிதழ் வழங்கியிருந்தார். தன் சம்பாத்தியத்தில் அவள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். யாரோ ஓட்டிக் கழித்ததுதான், ஆனாலும் தாழ்ந்து அகன்று, நிற்கும்போதே உறுமுகிற வண்டி. வாங்கியவள் நேராக அப்பாவிடம்தான் ஓட்டி வந்தாள். அன்று பட்டறையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் ஒரு சுற்று சுற்றினார், வழக்கமான ஒற்றைச் சொல்லைச் சொன்னார். நாலு பேரும் சிரித்தார்கள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தத் தெருவுக்குள் வரவில்லை. அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் வருவாள். அப்பாவிடம் உடம்பு எப்படி, மழை உண்டா என்ற அளவோடு சரி. விடுமுறை நாட்களில் பந்தயத் திடலில் ஓட்டிப் பழகினாள். வண்டிக்கு ஏதாவது என்றால் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனாள். அந்தப் பட்டறைக்காரனைப் பற்றி டப்பா அண்ணன் வைத்திருந்த அபிப்பிராயத்தை அச்சில் போட முடியாது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், ஏதோ உப்புப் போதுமா என்று கேட்பது போல மனைவியிடம் கேட்பார்: "இன்னும் அவன்கிட்டதான் போறாளா?" ஆமாம் என்று பதில் வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். மகள் அவளுடைய வண்டியைத் தன் கையில் கொடுக்க வேண்டும், அவருக்கு அந்த ஓர் ஏக்கம்தான். அதைச் சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் காது வரை வாய்.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளே வண்டியோடு வந்து நின்றாள்.

அந்த மாதிரி வண்டிகளின் மூக்குக்கு அடியில், தரையை உரசுவது போல ஒரு கறுப்புப் பலகை தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்ப்ளிட்டர் என்பார்கள். திடலின் ஓரக்கல்லில் இடித்து, அது ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கிற இரண்டு கம்பிகளும் கழன்று ஆடின.

"ஞாயித்துக்கிழம ரேஸ்பா. பழகுறதுக்கு இல்ல, நிஜ ரேஸ். மொதத் தடவையா என்னையும் சேத்திருக்காங்க" என்றாள். "இத நீங்கதான் செஞ்சு தரணும். பம்பர்ல மட்டும் திருகினா நிக்காது. கம்பி ரெண்டையும் சேசிஸ்ல ஏத்திப் பிடிக்கணும். வேகமா போறப்ப காத்து மொத்தமும் இது மேலதான் உக்காரும்."

பேக்கரிக்காரர் ஒருவர் தன் நசுங்கிய கதவுக்காக ஸ்டூலில் காத்திருந்தார். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தால் டப்பா அண்ணனுக்கு நாக்கு துறுதுறுக்கும்.

"காத்து உக்காருதா? நாற்காலி எடுத்துப் போடவா?"

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சாயங்காலம் வருவதாகச் சொல்லிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பட்டறைக்கு மேல்தான் வீடு. படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, பாதி இறங்கி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அவளே வாயத் தொறந்து கேட்டிருக்கா. கெடுத்துடாதீங்க. அவ சொன்ன மாதிரியே செஞ்சு குடுங்க, புண்ணியமாப் போகும்."

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ மேல போ."

தெரியும் என்று அவர் நினைத்ததற்கும் காரணம் இருந்தது. ஸ்ப்ளிட்டர் மாட்டிய வண்டிகளை அவர் பார்க்காதவரா? ஒரு தலைமுறை முழுக்க அவரிடம்தான் வந்து நின்றது. கறிகாய் வாங்கப் போகிற வண்டிக்குப் பந்தய மூக்கு. வேகத்தடையைக் கண்டதும் வண்டியைக் குறுக்கே திருப்பி, உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தையையும் சித்தியையும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிற வீரர்கள். நூறைத் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கண்ணாடியில் தீப்பொறி ஸ்டிக்கர் இருக்கும். அவர்களுக்கெல்லாம் அது ஒட்டுமீசை. டப்பா அண்ணனும் மீசை ஒட்டுவது போலத்தான் ஒட்டி அனுப்புவார்: பம்பரில் நாலு திருகு, இடுக்கில் ஒரு கோடு பசை, மேலே கறுப்புப் பாலிஷ். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த வண்டிகளில் உட்காரக் காற்றுக்கு எந்த அவசியமும் இருந்ததில்லை. அவர்கள் விஷயத்தில் அவர் நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் வினையாகப் போயிற்று.

உண்மையைச் சொன்னால், முதலில் அவர் ஒழுங்காகத்தான் தொடங்கினார். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார், அடியில் படுத்துப் பார்த்தார். கம்பிகள் ஏறுகிற இடத்தில் மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அதைச் சரிசெய்ய பம்பரையே கழற்றி இறக்கி, சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் புதிதாக மரை வெட்ட வேண்டும். நாள் முழுக்கப் பிடிக்கிற வேலை. ஸ்பேனரைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"என்னண்ணே, பொண்ணு போட்ட உத்தரவுப்படியே செய்யப்போறீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

டப்பா அண்ணனுக்குச் சுருக்கென்றது. "எவன் உத்தரவு போட்டும் நான் ஸ்பேனர் பிடிச்சதில்ல" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார். பெட்டி தூக்குகிற கம்பெனிக்காரி, தனக்கு வேலை சொல்கிறாளாம். காற்று உட்காருமாம். மறுகோடிக்காரன் கிளப்பிவிட்ட கதையாகத்தான் இருக்கும். நாலு திருகை நன்றாக இறுக்கினார். கம்பிகள் இரண்டையும் தேய்ந்த ஓட்டைகளில் செருகிப் பசையை அடைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் விறைப்பாக, அம்சமாக நின்றன. பிறகு அரைநாளும் உட்கார்ந்து பலகையின் கீறல்களை இழைத்துப் பாலிஷ் போட்டார். யாருக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. மகளுக்காகத்தான் அந்த மெனக்கெடல், அதைத் தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்.

சாயங்காலம் அவள் வந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஒடஞ்சிருந்துச்சுப்பா? எனக்கே தெரியலையே!"

டப்பா அண்ணன் வேறெங்கோ பார்ப்பது போல நின்றார். உள்ளுக்குள் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சேசிஸ்ல பிடிச்சுட்டீங்கல்ல?"

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?"

அவள் சிரித்தாள். அந்தப் பட்டறைக்குள் அவள் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டது. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். கதவு சரியான வண்டியை எடுக்க வந்த பேக்கரிக்காரர், "பொண்ணுக்குன்னா எப்படி இழைச்சிருக்கீங்க பாருங்கண்ணே" என்றார். படியில் நின்ற மனைவிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் டப்பா அண்ணனுக்கு யாரையும் இளக்காரமாகப் பார்க்கத் தோன்றவில்லை.

"ஒரு நிமிஷம்பா" என்று மகள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாலிஷில் கீறல் விழக் கூடாதாம். அப்பாவைப் பார்த்தபடி திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சட்டென்று பலகையின் மேல் ஏறி நின்றாள்.

மளுக்கென்று ஒரு சத்தம். திருகுகள் பம்பரைப் பிய்த்துக்கொண்டு வந்தன. கம்பிகள் வந்த வழியே கழன்று விழுந்தன. அவள் பக்கவாட்டில் சரிந்து, சிமென்ட் தரையில் வலது கையை ஊன்றி, அந்தக் கையின் மேலேயே விழுந்தாள்.

அலறிக்கொண்டு ஓடி வந்தது மனைவிதான். ஐஸ்கட்டி வைத்து, துண்டைச் சுற்றி, என்னென்னவோ செய்தாள். மணிக்கட்டு கண்ணெதிரிலேயே வீங்கிப் பருத்தது. விரலை மடக்க முடியவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை என்ன, ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரையிலேயே போய்விட்டது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேக்கரிக்காரர் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நழுவினார்.

டப்பா அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் பழகிய வாய், அது தன் பாட்டுக்குத் தொடங்கியது.

"பம்பரே மட்டமான பிளாஸ்டிக்கு. இப்பல்லாம் எவன் ஒழுங்கா..."

மகள் அண்ணாந்து பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் இடது கையால் தரையில் கிடந்த கம்பியை எடுத்தாள். நுனியில் பசை காய்ந்து உருண்டையாக ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் நெருடினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"இது மாட்டினதும் ரேஸ் ஓட்டுற நாங்க எல்லாரும் ஏறி நின்னு பாப்போம்பா. ஆள் நின்னா தாங்கலைன்னா, காத்துக்கும் தாங்காது" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அந்தக் கோடிப் பட்டறைல செஞ்சு வாங்கினா, பானெட்டக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலத்தான் வெப்பேன். நீங்க செஞ்சதாச்சேன்னு ரெண்டு காலையும் வெச்சுட்டேன்."